தொட்டிலறையில் ஒரு சங்கக்காரி

பிள்ளை பார்க்கிற தொழிலைப் போலச் சத்தம் கூடிய தொழில் வேறில்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு துளிகூடப் பார்க்கிறவளுடையதாக இருக்கக் கூடாது.

இதைப் படிக்கிற நீங்களும் பெரும்பாலும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களாகத்தான் இருப்பீர்கள். தோளில் காய்ந்த பால் வாடை இருக்கும். இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கும். பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர் "நாள் முழுக்கப் பிள்ளைகளோட விளையாட்டுத்தான் உங்களுக்கு" என்று சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு சிரிக்கவும் பழகியிருப்பீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேர்முகம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரத்தில்தான். மை காய முதலே வாசித்து, மடித்து, ஆலை வாசலில் நின்று கொடுத்து, அதில் இருந்ததை அன்றைக்கே மேடையில் ஏறிச் சொல்லி வளர்ந்தவள். துறைமுகத்துக்குப் பக்கத்து ஆலையில் பொதி தைக்கிற பிரிவில் பெண்களுக்கு மலசலகூடம் கட்டுவித்தது யார் என்று கேட்டால் இன்றைக்கும் என் பெயரைச் சொல்ல அங்கே ஆட்கள் உண்டு. பிறகு ஆலைக்காரர் ஆட்களைக் கொந்தராத்தில், ஒப்பந்தக் கூலிகளாக, எடுக்கத் தொடங்கினார்கள். சங்கத்தில் சேர ஆளில்லை. சங்கம் படுத்தது, என் வேலையும் போனது. ஐம்பதைத் தாண்டிய பெண்ணை எந்தக் கொந்தராத்துக்காரன் எடுப்பான், அதுவும் பெயரைக் கேட்ட பிறகு? மழலையர் பராமரிப்புப் பயிற்சிக்கு வயதெல்லை இல்லை என்று யாரோ சொன்னார்கள். போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் பாடம் எடுக்கிற திலகா மிஸ், என்னிலும் மிக இளையவர், நல்ல மனிசி. மற்றவர் பயிற்சியின் இணைப்பாளர். கழுத்துப்பட்டியை அவிழ்த்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகளோடு என்ன அனுபவம் என்று கேட்டார்கள். எனக்குப் பிள்ளை இல்லை, கலியாணமும் இல்லை. இரண்டுக்கும் சங்கம் நேரம் தரவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழும்பி வந்த வழக்கம் எனக்கில்லை. நூற்றுக்கணக்கானவர்களைக் கொதிக்கிற வெயிலில் ஒரு பகல் முழுக்க ஆலை வாசலில் அசையாமல் இருத்தி வைத்த அனுபவம் உண்டு என்றேன். இணைப்பாளர் பேனையை மூடினார். திலகா மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவை வளந்த ஆக்கள், சொன்னா இருப்பினம். இவையள் இருக்கமாட்டினம் அக்கா. பரவாயில்லை, வாங்கோ."

பொம்மையோடு கதைத்தல்

வகுப்பு முழுவதற்கும் ஒரு பொம்மை இருந்தது. எந்த நாட்டுக்காரர் அன்பளிப்புச் செய்ததோ தெரியாது. நீலக் கண், படுக்க வைத்தால் கண்ணை மூடும், தூக்கினால் திறக்கும். நம்முடைய பிள்ளை எதுவும் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. கைக்குழந்தைக்குத் துணி மாற்றும்போது நாம் செய்கிற ஒவ்வொன்றையும் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும், அப்போதுதான் பிள்ளை நம்மை நம்பும், பேச்சும் வளரும் என்பது பாடம். நல்ல பாடம்தான். ஆனால் பிளாஸ்ரிக்கோடு கதைக்க எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது. ஒவ்வொருத்தியாக வந்து கிசுகிசுத்துவிட்டு ஓடினார்கள்.

என் முறை வந்தது. வெட்கம் என்பதை நான் முதல் மேடையிலேயே விட்டுவிட்டேன். பொம்மைக்கு நேரே நிமிர்ந்து நின்று, "உன்னுடைய நனைந்த துணியை இப்போது அகற்றப் போகிறோம். இது உன்னுடைய அடிப்படை உரிமை. உன்னை வலப்பக்கம் திருப்புவதில் உனக்கு ஆட்சேபம் இருந்தால் இப்போதே தெரிவிக்கலாம்" என்றேன். பக்கத்து மண்டபத்தில் தையல் வகுப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த றிஸ்வானா என்ற பிள்ளை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கதிரையோடு குலுங்கினாள். திலகா மிஸ் என் கையிலிருந்து பொம்மையை மெல்ல வாங்கினார்.

"அக்கா, பிள்ளையோட கதைக்கச் சொன்னனான். கூட்டம் வைக்கச் சொல்லேல்லை."

தேத்தண்ணி இடைவேளை

அந்தச் சிரிப்பில்தான் றிஸ்வானா எனக்குச் சிநேகிதம் ஆனாள். கின்னியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். புருசன் கடலுக்குப் போகிறவன். கையில் ஒரு மகன், தவழுகிற பருவம். அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். ஏன் இந்தக் கஷ்டம் என்று கேட்டேன். சீனன்குடா வீதியில் கொம்பனி ஒன்று தன் பெண் தொழிலாளர்களுக்காகப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் நடத்துகிறது. நமக்குச் செய்முறைப் பயிற்சியும் அங்கேதான். சான்றிதழ் கிடைத்தால் அங்கே வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் தன் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைக்கும். அதாவது, மகனைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காகத்தான் இப்போது அவனை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள். ஏழைகளுக்கு இந்த மாதிரிக் கணக்குகள்தான் வாய்க்கும்.

ஒவ்வொரு இடைவேளையும் அவள் தேத்தண்ணி குடிக்காமல் பின்பக்கம் போய்விடுவாள். ஒருநாள் நானும் கை கழுவப் போனேன். கழுவுகிற தொட்டியில் குனிந்து நின்று பாலைப் பிழிந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். மார்பு கல்லாகி நோகிறது, காய்ச்சல் வரப் பார்க்கிறது என்றாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வெள்ளையாக ஓடுவதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுவருக்கு மறுபக்கம் நம்முடைய வகுப்பறை. அங்கே தாய்ப்பாலுக்கு ஈடில்லை என்று பெரிய எழுத்தில் படத்தோடு ஒட்டியிருந்தார்கள்.

நேரே இணைப்பாளரிடம் போனேன். பொம்மையைத் தூக்கிப் பழகுவதைவிட இந்தப் பிள்ளையின் மகனை வகுப்புக்குக் கொண்டுவந்தால் அவனும் பால் குடிப்பான், நாங்களும் உண்மையான பிள்ளையில் பழகலாம், உங்களுக்கும் செலவில்லை என்று மூன்று நியாயம் சொன்னேன். மூன்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்கிற நிர்வாகத்தைத்தான் நான் என் வாழ்க்கையில் மிகவும் வெறுத்திருக்கிறேன்.

"கைப்பிள்ளையை வச்சுக்கொண்டு பிள்ளைப் பராமரிப்புப் படிக்க ஏலாது அக்கா, கவனம் சிதறிப்போகும்."

பகல் நித்திரை

செய்முறைப் பயிற்சி தொடங்கியது. சம்பளம் இல்லை, ஏனென்றால் நாம் வேலைக்காரர் இல்லை, பயிலுநர். பிந்தி வந்தால் ஏச்சு உண்டு, ஏனென்றால் அந்த நேரம் நாம் வேலைக்காரர். இந்த விந்தையை உங்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். இரண்டாம் கிழமையே, நிலையத்துக்குப் பின்னால் இருந்த அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்தையும் நாங்கள் கழுவ வேண்டும் என்றார்கள். இது மழலையர் பராமரிப்பில் எந்தப் பாடம் என்று கேட்க முடிவு செய்தேன். பயிலுநர் எல்லோரையும் சேர்த்தேன். பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்தவர்கள் தூக்கியபடியே வந்தார்கள்.

கேட்க வேண்டியது நிலையத்துப் பொறுப்பாளர் அம்மாவை. அவர் ஓய்வாக இருக்கிற ஒரே நேரம் பிள்ளைகளின் பகல் நித்திரை நேரம். இருக்கிற ஒரே இடம் பிள்ளைகள் படுத்திருக்கிற அறை. ஆகவே என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோரிக்கையைக் குசுகுசுத்தேன். என் குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொன்ன காலம் உண்டு. அந்தக் குரலை மூக்குக்குள் இழுத்து, "இது உழைப்புச் சுரண்டல்" என்று ஊதினேன். பொறுப்பாளர் அம்மாவும் ஊதித்தான் பதில் சொன்னார்: மேலிடத்து உத்தரவாம். "நாங்கள் பணியமாட்டம்" என்று ஊதினேன். குசுகுசுப்பில் சொல்லிப் பாருங்கள், எந்த மிரட்டலும் இரகசியம் சொல்வது போலத்தான் கேட்கும். பொறுக்க முடியாமல் ஒரு சொல்லை மட்டும் சரியான அளவில் சொல்லிவிட்டேன். பாயில் கிடந்த தலைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. பேச்சுவார்த்தை அழுகையில் முடிந்தது; நாங்கள் மண்டபத்தைக் கழுவப் போனோம். போகும்போது, மூன்று வயதும் ஆகாத ஒரு பெண்பிள்ளை என் சீலையைப் பிடித்து இழுத்து, வாயில் விரலை வைத்துக்காட்டி அறிவுரை சொன்னாள்.

"அம்மம்மா, சத்தம் போட்டா வெளியில விட்டுடுவினம்."

பொது

விளையாட்டறையில் ஒரு சிவப்பு லொறிக்கு எப்போதும் சண்டை. அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள், சிங்களப் பிள்ளைகளும் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளை முதன்முதல் கற்றுக்கொண்ட சிங்களச் சொல் "மகே." சிங்களப் பிள்ளை முதன்முதல் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் "என்ர." இரண்டுக்கும் ஒரே பொருள்தான். இந்த நாட்டின் இருமொழிக் கொள்கை முழு வெற்றி பெற்ற ஒரே இடம் அந்தப் பாய். ஒருநாள் கடிபடும் அளவுக்குப் போகவே நான் லொறியைப் பறித்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, இது ஒருவருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது என்று இரண்டு மொழியிலும் அறிவித்தேன். அறை அமைதியானது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு நேரமும் சண்டையில் சேராமல் மூலையில் இருந்த ஒரு பொடியன் எழும்பி வந்து, கையை நீட்டி, சொன்னான். பின்னாளில் சங்கத் தலைவர்களாக வந்த பலர் மனதில் நினைத்ததும் இதையேதான். அவர்களில் ஒருவருக்கும் இவனுடைய நேர்மை இருக்கவில்லை.

"பொது எண்டா எனக்குத் தாங்கோ."

சுகந்தியின் மகள்

சுகந்தி சாம்பல்தீவுக்காரி. கொம்பனியின் களஞ்சியத்தில் கொந்தராத்துத் துப்புரவு வேலை. புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று கேள்வி. அவளுடைய மகளைத் தொட்டிலறையில் விடத் தொடங்கியது அந்தக் கிழமைதான். பிள்ளை வீட்டில் தாய்ப்பாலை விட வேறு கண்டதில்லை. போத்தலைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்ளும். நான் சொல்ல வந்த நாளில் காலை முதல் ஒரு சொட்டும் இறங்கவில்லை. போத்தலில் பால்மாக் கரைத்துக் கொடுத்தோம், கோப்பையில் கொடுத்தோம், கரண்டியில் கொடுத்தோம். எல்லாவற்றையும் துப்பியது. தொட்டிலறைக்குரியவள் வேறொரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அதைத் தூக்கிக்கொண்டு மருந்தெடுக்கப் போயிருந்தாள். பொறுப்பாளர் அம்மாவை அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அறையில் நானும் றிஸ்வானாவும் மட்டும்.

தாயைக் கூப்பிடலாம் என்றால், களஞ்சியத்துக்குள் போகிறவர்கள் தொலைபேசியை வாசல் கேற்றில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். காவலாளியிடம் ஓடினேன். சாப்பாட்டு நேரம் வரைக்கும் வெளியே விட உத்தரவில்லை என்றான். என்னுடைய குரலை அவனுக்கு முழுதாகக் காட்டினேன். அவன் என்னைவிடப் பெரிய குரல்களையெல்லாம் கேட்டுப் பழகியவன். திரும்பி வந்தபோது பிள்ளை அழவில்லை. அழுகிற பிள்ளைக்கு நாம் பயப்படுவதில்லை. அழுது ஓய்ந்துவிட்ட பிள்ளைக்குத்தான் பயப்பட வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலை ஒரு பக்கம் சரிந்து, உதடு காய்ந்து, கண் எங்கேயோ பார்த்துக்கொண்டு கிடந்தது. றிஸ்வானாவின் சட்டை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. யாருடைய பிள்ளையாக இருந்தால் என்ன, அழுகையைக் கேட்டதும் உடம்பு தன்பாட்டில் சுரந்துவிடுகிறது. அவள் என்னைப் பார்த்தாள். "குடு" என்று சொன்னது நான்தான். அன்றைக்கும் அதை ஒளிக்கவில்லை, இன்றைக்கும் ஒளிக்கவில்லை.

அவள் உடனே எடுக்கவில்லை. ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் அவர்களுடைய மார்க்கத்தில் கூடப்பிறந்தவர்களுக்குச் சமம். பிறகு ஒருவரை ஒருவர் கலியாணம் முடிக்க முடியாது. சாம்பல்தீவுப் பெட்டைக்கும் கின்னியாப் பெடியனுக்கும் இனி யார் கலியாணம் பேசி வரப்போகினம், நீ பயப்படாமல் குடு என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி, முந்தானையால் மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தாள். பிள்ளை பிடித்துக் குடிக்கிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. குனிந்த தலை நிமிராமல் எனக்குப் பதில் சொன்னாள்.

"நான் யோசிச்சது கலியாணத்துக்கு இல்ல அக்கா, கேக்காம இன்னொருத்திட பிள்ளைக்குத் தாயாகிறதுக்கு. அஞ்சு தரம் குடிச்சாத்தான் அந்த உறவு வரும் எண்டு சொல்லுவாங்க. நான் இந்த ஒண்டிலயே வச்சுக்கொள்ளுறன்."

விசாரணை

நம்மைக் காட்டிக்கொடுத்தது போத்தல்தான். பொறுப்பாளர் அம்மா திரும்பி வந்தபோது பிள்ளை நல்ல நித்திரை. போத்தல் கரைத்தபடியே நிரம்பி இருந்தது. பிள்ளை என்ன குடித்தது என்று கேட்டார். ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்க எனக்கு வாய் வந்தது. றிஸ்வானாவுக்கு அது வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் இணைப்பாளர் வந்தார். கொம்பனியின் நலன்புரி அதிகாரியும் வந்தார். தாயின் அனுமதி இல்லாமல் இன்னொருத்தியின் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, நோய் தொற்றலாம் என்றார்கள். அது சரியான விதி. பாடத்தில் இருக்கிறது, நானும் பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் தாயைக் கேற்றுக்கு அந்தப் பக்கம் வைத்துப் பூட்டிவிட்டு, தாயின் அனுமதி எங்கே என்று கேட்பது எந்த விதி? இதைக் கேட்டேன். தாயையே கூப்பிட்டு விசாரியுங்கள் என்றும் சொன்னேன். நிர்வாகத்தின் முன்னால் சாட்சிகள் எப்படி வாடிப்போவார்கள் என்று என்னைவிட அறிந்தவர் இந்த ஊரில் இல்லை. இருந்தும் கேட்டேன். பசி தீர்ந்த பிள்ளையின் தாய் வேறு என்னத்தைச் சொல்லப் போகிறாள் என்று நம்பினேன்.

சுகந்தி கூட்டுகிற தும்புத்தடியை வெளியில் சாத்திவிட்டு வந்து நின்றாள். அனுமதி கொடுத்தாயா என்று நலன்புரி அதிகாரி கேட்டார். இல்லை என்றாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்று நான் கேட்டேன். அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். தனக்கு ஒன்றும் தெரியாது, நிலையத்துச் சட்டப்படி செய்யுங்கள் என்றாள். அவ்வளவுதான். றிஸ்வானாவைப் பயிற்சியிலிருந்து நீக்கினார்கள். சான்றிதழ் இல்லை, ஆகவே வேலை இல்லை, ஆகவே மகனுக்கு இடமும் இல்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு, தொட்டிலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

நான் விஷயத்தை அதோடு போகவிடவில்லை. கொடுக்கச் சொன்னவள் நான், நீக்குவதென்றால் என்னை நீக்குங்கள் என்று மேசையில் கை வைத்துச் சொன்னேன். என் வாழ்க்கையில் எத்தனையோ குற்றங்களை நிர்வாகம் என் தலையில் கட்டியிருக்கிறது, பாதி நான் செய்யாதவை. நானே கேட்டு வாங்க வந்த ஒரே குற்றத்தைத் தர மறுத்தார்கள். இணைப்பாளர் எழும்பி, கதிரையை உள்ளே தள்ளிவிட்டு, எனக்கு மரியாதை குறையாமல் சொன்னார். முப்பது வருடப் பொதுவாழ்வில் எவனும் என்னை இப்படி அடித்ததில்லை.

"நீங்கள் சொன்னதை ஆரும் கேக்க வேணும் எண்டு இஞ்ச கட்டாயம் இல்லையே அக்கா."

பஸ் நிறுத்தம்

அன்று பின்னேரம் சுகந்தியைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்று நான் எத்தனையோ துண்டுப்பிரசுரங்களில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்து அவளுக்குச் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்ற மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார்கள். எங்கள் ஊரில் மாடுபோலத் தெருவில் மானும் திரியும்; குப்பைத்தொட்டியில் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்த மான்கூட நிமிர்ந்து பார்த்தது. அவள் நான் முடித்த பிறகு, றிஸ்வானா கின்னியாவில் எவ்விடம் என்று மட்டும் கேட்டாள். மன்னிப்புக் கேட்டு நடிக்கப் போகிறாயோ என்று சீறினேன். அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"இல்லை அக்கா, இவவுக்கு நாளைக்கும் பசிக்கும்."

வெளிவராத ஒன்று

றிஸ்வானாவுக்கு நடந்ததை வைத்து ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். நான் எழுதியவற்றில் அதுதான் திறம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அச்சடித்தும் விட்டேன். ஆனால் சம்பந்தப்பட்டவருக்குக் காட்டாமல் நான் எதையும் வினியோகித்ததில்லை. பிரசுரக் கட்டை எடுத்துக்கொண்டு கின்னியாவுக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு விறாந்தையில் பாய் விரித்திருந்தது. பாயில் இரண்டு பிள்ளைகள். ஒன்று றிஸ்வானாவின் மகன். மற்றது சுகந்தியின் மகள், அவனுடைய காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சுகந்தி விடியவே கின்னியாப் பாலத்தைத் தாண்டி வந்து பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாளாம். பின்னேரம் வந்து எடுக்கிறாளாம். மாமியார் முதலில் முகத்தைத் திருப்பினாவாம். இப்போது பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிள்ளையின் முதல் பல்லைக் காட்டித் திரிகிறாவாம். கொம்பனிக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கு ஊரில் ஆள் கிடைத்துவிட்டது என்று சுகந்தி சொல்லி வைத்திருக்கிறாள். நிர்வாகத்துக்கு முன்னால் வாய் திறக்காதவள் எனக்கும் சொல்லாமல் இவ்வளவையும் செய்திருக்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தெரிந்தவளுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே.

றிஸ்வானா துண்டுப்பிரசுரத்தை முழுக்க வாசித்தாள். நல்லா இருக்கிறது என்றாள். இதைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள். பேர் வெளியில் வந்தால் முதலில் போவது சுகந்தியின் வேலை. பிறகு அந்தப் பிள்ளை இங்கே வராது. நியாயத்தை நிலைநாட்டப் போய்ப் பிள்ளையின் வாயிலிருந்து பாலைப் பறிக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதுதான் கணக்கு. கட்டை அவிழ்க்காமல் பைக்குள் வைத்தேன். வாசித்த ஒரு பிரதியை அவள் இரண்டாக மடித்து, வியர்த்துப்போய்க் கிடந்த இரண்டு பிள்ளைகளுக்கும் விசிறினாள். நான் எழுதியதில் ஒன்று உடனடியாகப் பயன்பட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

சொல்ல வேண்டிய மற்றதைச் சொல்லாமல் எழும்ப முடியவில்லை. நான் பரீட்சையில் தேறிவிட்டேன், சான்றிதழ்த் தாளும் கையில் வந்துவிட்டது. கொம்பனி நிலையத்தில் தொட்டிலறைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அது றிஸ்வானாவுக்கு என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த இடம். அவளுக்கு அதைவிடப் பெரிய ஆசை இருக்கவில்லை. எனக்கோ அதைவிட்டால் சாப்பிட வேறு வழியில்லை. வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடப் போகிறேன் என்றேன். அவள் காறித் துப்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தேன். அவள் சுகந்தியின் மகளைத் தூக்கி மடியில் போட்டு, மகனை மறு கையால் தட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எடுங்க அக்கா. ஆரோ ஒராள் அந்தப் பிள்ளைகளத் தூக்கத்தானே வேணும்."

எடுத்துக்கொண்டேன்: பால் இருந்தவளிடம் தாள் இல்லை, தாள் இருக்கிற என்னிடம் பால் இல்லை, இந்த ஏற்பாட்டுக்குத்தான் நம்முடைய ஊரில் மழலையர் பராமரிப்பு என்று பெயர்.